பந்தல்காரர் தெருவுக்கு வந்த எதிரி

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்ப்போம். மூன்று கழுத்து உண்டு, தலை ஒன்றுகூடக் கிடையாது. இடுப்பில் கயிறு உண்டு, கட்டியவர் ஊரில் கிடையாது. வாசலில் நிற்கும், வீட்டுக்குள் வராது. சண்டைக்கு நிற்கும், கோபம் கிடையாது. அது என்ன?

வாழைமரம் என்று சொன்னவர்கள் பக்கத்தில் வந்துவிட்டீர்கள், ஆனால் வாழைக்குக் கழுத்து ஒன்றுதான். கரும்புக் கட்டு என்று சொன்னவர்களும் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், ஆனால் கரும்பு யாரோடும் சண்டைக்கு நிற்பதில்லை. விடை நெல்லிச்சத்திரத்தில், பந்தல்காரர் தெருமுனையில், தை பிறப்பதற்கு முன்னால் பதினைந்து நாள் நின்றது; நேரே அங்கே போய்ப் பார்த்துவிடலாம், வாருங்கள்.

நெல்லிச்சத்திரம் ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே, தொழிற்சாலைகளின் நீலக் கூரைகள் முடிந்து ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பந்தல்காரர் தெருவில் இருபத்தாறு வீடு, இருபத்தாறு வீட்டிலும் வாசல் கட்டுகிறவர்கள்தான். கல்யாணத்துக்கு வாழைமரமும் குருத்தோலைத் தோரணமும், கோயில் திருவிழாவுக்கு ஈச்சங்குலையும் பாக்குக்குலையும், கடைத்திறப்புக்குப் பூவளைவு, தொழிற்சாலை ஆயுதபூசைக்குச் சாமந்திச் சரம், சாவுக்குப் பச்சை ஓலைப் பந்தல் என்று சுற்றுவட்டாரத்தில் எந்த வாசல் சிரித்தாலும் அழுதாலும் அதைக் கட்டிய கை இந்தத் தெருவின் கையாகத்தான் இருக்கும். அந்தத் தெருப் பிள்ளைகள் எழுத்துக் கற்பதற்கு முன்னால் முடிச்சுக் கற்றார்கள், வேறு ஊர்க் கல்யாணத்துக்குப் போனால் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள், வாசலைக் குறை சொல்வார்கள். தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு: நல்ல காரியத்துக்கு வைக்கோல் கயிற்றை வலப்பக்கமாகத் திரிப்பார்கள், சாவுக்கு மட்டும் இடப்பக்கமாகத் திரிப்பார்கள், பாடை கட்டும் பச்சை மூங்கிலில் ஏறுவது இடப்பக்கம் திரித்த கயிறு மட்டும்தான்.

அந்தத் தெருவில் ஏகாம்பரத்தின் மகள் தமயந்திக்குப் பதினோரு வயது. ஏகாம்பரம் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆயுதபூசைப் பந்தல் போட்டபோது, அங்கே என்ஜினியராக இருந்த ஹயாஷி என்ற ஜப்பான்காரர், தமக்கு விளையாட நேரமில்லை என்று சொல்லி, டிவியில் இணைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றைத் தமயந்திக்குக் கொடுத்திருந்தார். அதில் இருந்தது ஒரே ஒரு விளையாட்டு. எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. ஏழு வாசல், வாசலுக்கு ஓர் எதிரி, எதிரியை அடித்தால் வாசல் திறக்கும். ஏழாவது வாசலையும் தாண்டுகிறவர்களின் பெயர், உலகத்தில் அந்த விளையாட்டை ஆடுகிற எல்லாருடைய திரையிலும் முதல் பக்கத்தில் ஏறும். அப்படி ஏறியிருந்தவை நாற்பத்தோரு பெயர்கள். நாற்பத்திரண்டாவது வரி காலியாக மின்னிக்கொண்டிருந்தது. அந்த வரியில் தன் பெயர் ஏற வேண்டும் என்று தமயந்தி எட்டு மாதமாக ஆடினாள், ஒரு சொல்கூடப் படிக்கத் தெரியாமல் ஆடினாள், ஆறு வாசலைத் தாண்டினாள்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஏழாவது வாசல் வந்தது. அதில் நின்ற எதிரிக்கு உடம்பு மூன்று பச்சை மூங்கில், நடுவில் இருப்பது நெட்டை, இரு பக்கமும் அதைவிடக் குட்டை, மூன்றின் நுனியும் ஈட்டிபோலச் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. அடியில் ஊசி ஊசியாகப் பைன் இலைக் கொத்து, அதைச் சுற்றி வைக்கோல் பாய், பாயின்மேல் கயிறு. மற்ற பிள்ளைகளாக இருந்தால் உடனே அடித்திருப்பார்கள். தமயந்தி பந்தல்காரர் தெருப் பிள்ளை ஆனதால் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, எதிரியின் கயிறு எத்தனை சுற்று போயிருக்கிறது என்று எண்ணினாள். மேலே மூன்று, நடுவில் ஐந்து, கீழே ஏழு. முடிச்சு முன்பக்கம் தெரிந்தது, நுனி ஒளிந்திருந்தது.

"நல்லாத்தான் கட்டிக்கீறாங்க," என்றாள்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், அவள் எழுந்து போனாள். உலகம் முழுவதும் எத்தனையோ பேர் அந்த எதிரியை அடித்திருக்கிறார்கள், அதனிடம் தோற்றிருக்கிறார்கள். அதன் கட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னவர் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. அதனால் அது வெளியே வந்துவிட்டது.

புத்தாண்டுக் காலை தெருமுனையில் அதை முதலில் பார்த்தவர் பூக்கட்டும் தேசம்மா. பச்சை மூங்கிலைப் பார்த்தார், வைக்கோல் கயிற்றைப் பார்த்தார், கயிறு இடப்பக்கம் திரித்திருப்பதைப் பார்த்தார், கூடையைக் கீழே வைத்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். யார் போய்விட்டார்கள் என்று அவருக்கே தெரியாது. கயிறு தப்பாகத் திரிக்கப்படுவது அந்தத் தெருவில் நடக்காத காரியம், ஆகையால் யாரோ போயிருக்க வேண்டும். அழுகையைக் கேட்டு வந்தவர்களும் கயிற்றைப் பார்த்தார்கள், அழுதார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். பறையடிக்கிறவர்களுக்குப் போன் போனது. கடைசியில் ஏகாம்பரம் வீடு வீடாகப் போய் இருபத்தாறு வீட்டிலும் ஆட்களை எண்ணிவிட்டு வந்து, எல்லாரும் உயிரோடு இருப்பதாகச் சொன்னார்.

"நல்லா எண்ணிப் பாத்தியா ஏகாம்பரம்?" என்றார் தேசம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டே.

"உன்னையும் சேத்து எண்ணிட்டேன் யக்கா."

"அப்ப நான் இம்மா நேரம் யாருக்கு அழுதேன்?"

"அட்வான்சா வெச்சிக்கோ," என்றாள் ஏகாம்பரத்தின் மனைவி கோட்டீஸ்வரி. மாலையோடு வந்தவர்களுக்குக் காபி கொடுக்க வேண்டியதாயிற்று, மாலைகளைப் பிள்ளையாருக்குப் போட்டார்கள்.

அந்த நேரத்தில் தமயந்தி டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஏழாவது வாசல் இருந்தது, மூடியிருந்தது, முன்னால் யாரும் இல்லை. பழக்கத்தில் அடிக்கிற பட்டனை ஒரு தடவை அமுக்கினாள். தெருமுனையில் படாரென்று சத்தம் கேட்டது. குட்டை மூங்கில் இரண்டில் ஒன்று மேலிருந்து கீழே பிளந்து தொங்கியது. விளையாட்டில் அதற்கு மூன்று உயிர், மூங்கிலுக்கு ஒன்று. இப்போது இரண்டு மிச்சம்.

கோட்டீஸ்வரி ஓடிவந்து கன்ட்ரோலரைப் பிடுங்கினாள். "இன்னாடி பண்ண?"

"அது என்னோட எதிரிம்மா. ஏழாவது வாசல்ல இருந்துச்சி. இன்னும் ரெண்டே அடிதான்."

"எதிரியோ பங்காளியோ, தெருவுல நிக்கறத நாலு பேரு பேசி முடிக்காம நீ அடிப்பியா?" என்று சொல்லி, கன்ட்ரோலரைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏகாம்பரம் பிளந்த மூங்கிலை நிமிர்த்தி, தேங்காய்நார்க் கயிற்றால் ஒன்பது சுற்று சுற்றி இறுக்கினார். அதைக் கட்டும்போது யாரும் பயப்படவில்லை. கட்டு நிற்குமா என்ற கவலை மட்டும்தான் இருந்தது. கட்டு நின்றது.

எதிரி என்றால் எதிரியின் வேலையைச் செய்யத்தானே வேண்டும். தெருவுக்குள் யார் நுழைந்தாலும் தொம்மென்று குதித்து வழியில் நின்றது, இலைக் கொத்தைச் சிலிர்த்தது, பச்சை ஊசிகளைத் துப்பியது. கருவேல முள் தைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த ஊசி, ரத்தம் வராது, கடுகடுக்கும். பால்காரர் சைக்கிளில் இரண்டு டயரும் போயின. சிலிண்டர் கொண்டுவந்தவர் சிலிண்டரை உருட்டிவிட்டு அதன் பின்னால் ஒளிந்து வந்தார். தேசம்மா மட்டும் உதிர்ந்த ஊசிகளைப் பொறுக்கி, தாழம்பூவைக் கொண்டையில் குத்த இதைவிட வாகான ஊசி கிடையாது என்று டப்பாவில் சேர்த்தார்.

இரண்டாம் நாள் தமயந்திதான் சொன்னாள்: "நின்னு அத பாருங்க. கட்டு நல்லாக்கீதுன்னு சொல்லுங்க. துப்பாது."

அப்படியே ஆயிற்று. நின்றார்கள், பார்த்தார்கள், கயிறு நன்றாக இருக்கிறது என்றார்கள். எதிரி ஒரு விரல் உயரம் வளர்ந்ததுபோல நிமிர்ந்து, ஓரமாக நகர்ந்து வழிவிட்டது. அன்றிலிருந்து அது தெருவின் வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூட வேன் நின்றது, ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி இரண்டு வார்த்தை சொன்னார், வேன் உள்ளே வந்தது. தபால்காரர் ஒருநாள் முடிச்சைப் பாராட்டுவார், ஒருநாள் வெட்டைப் பாராட்டுவார். அவசரக்காரரான பால்காரர் ஏரிக்கரையிலிருந்தே "அருமை, அருமை, அருமை" என்று கத்திக்கொண்டு வருவார். போனில் பேசியபடியே நுழைந்த வார்டு கவுன்சிலருக்கு மட்டும் வேட்டியெல்லாம் ஊசி. அவர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார், மறுநாள் வந்து நின்று, போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, கட்டைப் பார்த்து, தம் கல்யாண வாசலைக்கூடத் தாம் இப்படிப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவர்கள் அதை மூங்கிலார் என்று கூப்பிட்டார்கள். தமயந்தி மட்டும் எதிரி என்றே கூப்பிட்டாள். அதைச் சொல்லும்போது அவள் மற்றவர்கள் "எங்க அண்ணன்" என்று சொல்லும் குரலில் சொன்னாள். மாலையில் அவள் பள்ளிவிட்டு வரும்போது எதிரி குதித்து வந்து அவளுக்கு முன்னால் நிற்கும். ஊசி துப்பாது, வழியும் விடாது. ஈட்டி நுனிகளை முன்னால் சாய்த்து, காலை ஊன்றி, அடி என்பதுபோலக் காத்திருக்கும்.

"ரிமோட்டு அம்மாகிட்ட கீது," என்று அவள் சொல்வாள். அது சிறிது நேரம் நின்றுவிட்டு விலகும்.

ஒற்றையாக நிற்பது வாசலுக்கு அழகில்லை என்று ஐந்தாம் நாள் ஏகாம்பரம் எதிர்ப்பக்கம் ஒரு குலைவாழையைக் கட்டினார். வாழையும் மூங்கிலாரும் நின்ற தெருமுனையைப் பார்க்க ஊரெல்லாம் வந்தது. மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆனால் தைக் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், எங்கள் வாசலுக்கு மூங்கிலார் வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் நுழையும்போதே நின்று வாசலைப் பாராட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அப்புறம் குழம்பில் உப்பில்லை, சீரில் குறை என்று சண்டை போட அவர்களுக்கு எப்படி வாய் வரும் என்று பெண் வீட்டார் கேட்டார்கள். ஏகாம்பரம் ஐந்து கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்தார். அவர் வாக்குக் கொடுத்து நிற்காத வாசல் அதுவரை ஒன்றும் கிடையாது. தெரு முழுவதும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தது. எங்கே போனாலும், நீங்கள் மூங்கிலார் தெருவா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள், அந்த ஒரு நொடியில் பெருமை நன்றாகத் தெரிந்தது.

பத்தாம் நாள் இலைக் கொத்தில் முதல் மஞ்சள் விழுந்தது. பதினோராம் நாள் நெட்டை மூங்கிலின் பச்சை வெளுத்தது. தண்ணீர் தெளித்தார்கள், ஈரச்சாக்குப் போர்த்தினார்கள், வெட்டுமுனையில் சாணி அப்பினார்கள். வாடாமல் வாசலை வைத்திருப்பதில் தெரிந்த வித்தை எல்லாம் செய்தார்கள். மூங்கிலார் பாராட்டுக்கு நிமிர்ந்தார், ஆனால் நிமிர்வதற்கு நேரம் பிடித்தது. தமயந்தியின் எதிரில் வந்து நிற்பதை மட்டும் ஒருநாளும் விடவில்லை.

பதின்மூன்றாம் தேதி ஹயாஷி வந்தார், தொழிற்சாலைப் பொங்கலுக்குப் பந்தல் சொல்வதற்காக. தொழிற்சாலை லைனில் நின்று பையன்களிடம் தமிழ் கற்றவர் அவர், அதனால் அந்தத் தமிழையே பேசுவார். காரிலிருந்து இறங்கியவர் மூங்கிலாரைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், இடுப்புவரை குனிந்து கும்பிட்டார்.

"இன்னா ஏகாம்பரம், இத யாரு இங்க வெச்சது?"

"யாரும் வெக்கல சார். பாப்பாவோட கேம்லேர்ந்து வந்துட்டாரு."

"ஓ," என்றார் ஹயாஷி. அவ்வளவுதான் கேட்டார்.

காபி குடித்துவிட்டு அவர் சொன்னார்: "எங்க ஊர்ல இது எதிரி இல்லப்பா. வருஷம் பொறந்தா வருஷ சாமி வரும். அதுக்கு வீடு தெரியாது. வாசல்ல இத பாத்துதான் உள்ள வரும். இது வழிகாட்டி."

"கயிறு ஏன் சார் இடப்பக்கம்?" என்று கேட்டார் தேசம்மா. பதின்மூன்று நாளாக அவர் நெஞ்சில் நின்ற கேள்வி அது.

"எங்க கோயில் கயிறெல்லாம் இடப்பக்கம்தான் யக்கா. நல்லதுக்கு."

தேசம்மா கொண்டையில் குத்தியிருந்த ஊசியைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப நான் அழுதது வருஷ சாமிக்கா?" என்றார்.

"அப்புறம் ஏன் அங்கிள் கேம்ல எதிரியா வெச்சாங்க?" என்றாள் தமயந்தி.

"கேம் செஞ்சவன் சின்ன வயசுல பயந்திருப்பான். நானும் பயந்தேன். நுனி ஈட்டி மாதிரி இருக்குது இல்ல?" ஹயாஷி இலைக் கொத்தின் மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார். "ஆனா இத பதினஞ்சாம் தேதி எரிச்சிடணும். புகையிலதான் சாமி ஊருக்குத் திரும்பும். அந்த நெருப்புல அரிசிப் பலகாரம் சுட்டுத் தின்னுவோம். எரிக்கலன்னா இது இங்கயே நின்னு காயும். கொஞ்சம் கொஞ்சமா."

"எரிச்சா ஏழாவது வாசல்?"

ஹயாஷி வீட்டுக்குள் போய்த் திரையைப் பார்த்தார், அதிலிருந்த எழுத்தை இரண்டு தடவை படித்தார். "நீ அடிச்சாதான் தொறக்கும் பாப்பா. வேற எப்படி போனாலும் தொறக்காது. எப்பவும் தொறக்காது." பிறகு நாற்பத்தோரு பெயர்களையும் அவளுக்கு வாசித்துக் காட்டினார். "நானு மூணாவது வாசலயே தாண்டல, தெரியுமா? உன் பேரு வந்தா கம்பெனி நோட்டீஸ் போர்டுல நானே ஒட்டுவேன்."

மறுநாள் போகி. பழைய பாயும் கிழிந்த துடைப்பமும் எரிந்து அடங்கியதும் தெரு கூடிற்று. பேச்சு மூன்றாகப் பிரிந்தது. மூங்கிலார் நிற்கட்டும், காய்ந்தால் காயட்டும், ஐந்து கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்றது ஒரு பக்கம். இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டால் ஜப்பான்காரன் பட்டியலில் நெல்லிச்சத்திரத்துப் பெண்ணின் பெயர் ஏறும், வாழைமரம் எந்த ஊரிலும் கட்டலாம், இது கிடைக்குமா என்றது இன்னொரு பக்கம். அந்தப் பக்கத்தில் சத்தமாகப் பேசியவள் தமயந்தியின் வகுப்புத் தோழி ஜெசிந்தா. எரிப்பதுதான் மரியாதை என்று சொன்னவர்கள் கொஞ்சம்தான், அவர்களுக்கும் ஒரு சங்கடம் இருந்தது.

"நாளைக்குப் பொங்கலு," என்றாள் கோட்டீஸ்வரி. "நல்ல நாளும் அதுவுமா பாடை மூங்கில எரிப்பாங்களா? எரிச்சா அந்த நெருப்புல என்ன பொங்குவ?"

தேசம்மா ஹயாஷிக்குப் போன் போடச் சொன்னார். "சார், நெருப்புல ஏதோ சுட்டுத் தின்னுவோம்னியே, அது இன்னா சொன்ன?"

"அரிசி யக்கா. அரிசிமாவு."

"நம்ம அரிசி மாதிரி அரிசியா?"

"அரிசிதான் யக்கா."

தேசம்மா போனை வைத்தார். "அங்கயும் அரிசிதானாம். அப்ப மூங்கிலார அடுப்புல வெக்கலாம்," என்றார். கோட்டீஸ்வரி யோசித்தாள், சரி என்று தலையாட்டினாள். ஆனாலும் நிற்கட்டுமா, அடிக்கலாமா, எரிக்கலாமா என்பது முடியவில்லை. ஒவ்வொரு பக்கமும் தன் பக்கத்தையே தெருவின் பெருமை என்று சொன்னது, மூன்று பக்கமும் சொன்னது உண்மையாகவும் இருந்தது.

கடைசியில் ஏகாம்பரம் எழுந்தார். "கல்யாண வீட்டுக்காரங்ககிட்ட நான் போய்ப் பேசிக்கறேன். நின்னா நிக்கட்டும், போனா போவட்டும். எதிரி யாரோடதோ அவங்கதான் சொல்லணும். பாப்பா சொல்லட்டும்."

இப்படித்தான் அந்த முடிவு பதினோரு வயதுக்காரியிடம் வந்தது. கோட்டீஸ்வரி அவிழ்ந்த முடியை அள்ளிச் செருகினாள், இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள், பீரோவைத் திறந்து கன்ட்ரோலரைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தாள்.

பொங்கலன்று சூரியன் ஏரிக்கு மேலே வருவதற்கு முன்பே தெருமுனையில் மூன்று கல் கூட்டி அடுப்புப் போட்டாயிற்று. புதுப்பானைக்கு மஞ்சள்கொத்துக் கட்டி, பால் ஊற்றி, அரிசி களைந்து வைத்திருந்தார்கள். அடுப்பில் இன்னும் விறகு வைக்கவில்லை. இருபத்தாறு வீட்டாரும் வாசலில் நின்றார்கள், பால்காரர் சைக்கிளோடு நின்றார், ஹயாஷி வேட்டி கட்டிக்கொண்டு வந்து, அது அவிழ்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். தமயந்தி வீட்டு டிவியின் சத்தம் தெருமுனைவரை கேட்டது. ஏழாவது வாசலின் மேளம் அது, எதிரி நிற்கும்வரை ஒலிக்கும்.

தமயந்தி கன்ட்ரோலரோடு வந்தாள். எதிரி அவளைப் பார்த்தது. பதினைந்து நாளாகக் காத்திருந்த ஒன்றைக் கண்டுவிட்டதுபோல அது குதிக்கப் பார்த்தது; முதல் தடவை கால் எழும்பவில்லை, இரண்டாம் தடவை எழும்பியது, தொம்மென்ற சத்தம் வரவில்லை, பாய் தரையில் உரசும் சத்தம்தான் வந்தது. அவளுக்கு முன்னால் வந்து நின்று, ஏகாம்பரம் கட்டிய கயிற்றால் தாங்கப்பட்ட குட்டை மூங்கிலையும், வெளுத்த மற்ற இரண்டையும் முன்னால் சாய்த்தது. ஊசி துப்பியது. ஒரே ஓர் ஊசி, மஞ்சளாக, அவள் கால் விரலுக்கு முன்னால் விழுந்தது. துப்பியதில் இலைக்கொத்து பாதி உதிர்ந்தது. ஆனாலும் சாய்த்த நுனியை அது திரும்ப எடுக்கவில்லை.

"அடிடி," என்றாள் ஜெசிந்தா அவள் காதருகே. "ரெண்டே ரெண்டு அடி. அதுக்கு நிக்கவே முடியல பாரு. கண்ண மூடிகினு அடிச்சாகூட உளுந்துடும்."

"அதான்," என்றாள் தமயந்தி.

"எதான்?"

"நிக்கவே முடியாதத அடிச்சிட்டு அங்க போய் எம்பேர எழுதவா?"

"எழுதினா யாருக்குடி தெரியப் போவுது? அங்க பேரு மட்டும்தான் வரும்."

"எனுக்குத் தெரியும். அதுக்கும் தெரியும்."

"அப்ப உட்டுடு. நிக்கட்டும். தண்ணி தெளிச்சிகினே இரு, கல்யாணம் கல்யாணமா போய் நின்னுட்டு வரட்டும்."

தமயந்தி எதிரியைப் பார்த்தாள். கீழேயிருந்து மேலே பார்த்தாள், அவளுடைய அப்பா புது இடத்தில் வாசல் போடப் போகும்போது இடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பானையில் பால் அசையாமல் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாற்பத்திரண்டாவது வரி அங்கே மின்னிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். கோட்டீஸ்வரி தீப்பெட்டியைக் கையில் வைத்திருந்தாள், நீட்டவில்லை, மறைக்கவும் இல்லை. எதிரி அடிக்காகக் காத்து நின்றது.

"சொல்லு பாப்பா," என்றார் ஏகாம்பரம். "நீ எத சொன்னாலும் தெருவுக்குச் சம்மதம்தான்."

தமயந்தி குனிந்து கன்ட்ரோலரைத் தரையில் வைத்தாள். இங்கேயே நின்று காய வேண்டாம், எரிக்கலாம் என்று சொன்னாள்.